புகை நீக்கும் நோன்பு



ஞாயிறு மறைந்தபின் உணவு கொள்ளாத இல்லங்கள் நம்மிடையே இன்றும் உள்ளன. நீரை வடிகட்டிப் பருகுவதும், தேனை விலக்குவதும், கிழங்கு வகைகளைத் தவிர்ப்பதும் நம் பிள்ளைகள் தொட்டில் பருவம் முதல் கண்டு பழகியவை. அத்தகைய இல்லங்கள் சிலவற்றின் கொல்லைப்புறத்திலும் மாடிப்படியிலும் அந்திப் பொழுதில் பீடிப் புகையோ சிகரெட்டுப் புகையோ எழுவதும் உண்மையே. இதனைக் குறித்துப் பேசுங்கால் இளைஞர் சிலர் ஒரு வினாவை எழுப்புகின்றனர்: "புகை பிடித்தல் கூடாது என்று நம் அறநூல் எதில் எழுதியிருக்கிறது?"

இது குறும்புக்காகக் கேட்கப்படும் வினாவென்று தள்ளிவிடுதல் முறையன்று. நேர்மையான வினாவுக்கு நேர்மையான விடை தருதல் ஆசிரியர் கடமை. அவ்விடையே இன்றைய பாடம்.

நூலில் அச்சொல் ஏன் இல்லை?

புகையிலை நம் நாட்டுச் செடியன்று. அது அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. போர்ச்சுகீசிய வணிகர் வழியாக ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்னரே அது இந்திய மண்ணை வந்தடைந்தது. நம் இல்லறத்தார் ஒழுக்கத்தை விளக்கும் சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தின கரண்டக சிராவகாசாரமும், அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் அதற்கு நெடுங்காலம் முற்பட்டவை. ஆதலின் புகையிலை என்னும் சொல்லை அந்நூல்களில் தேடுவது, மின்விளக்கைச் சங்க நூல்களில் தேடுவது போன்றதாகும்.

எனினும் நம் ஆசாரியர்கள் பொருள்களின் பட்டியலை மட்டும் தந்து செல்லவில்லை. எப்பொருளையும் அளந்து பார்க்கும் கோலையும் தந்து சென்றுள்ளனர். இல்லறத்தார்க்கு உரிய குணவிரதங்களுள் இரண்டினை இங்கு நினைவுகொள்வோம்.

முதலாவது, அனர்த்த தண்ட விரதம். பயனின்றிப் பிற உயிர்க்குத் துன்பம் விளைவித்தலை இது விலக்குகிறது. அதன் ஐந்து பிரிவுகளுள் ஒன்று பிரமாதசரியை. தேவையின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரைச் சிதறுதல், தீயை மூட்டுதல், காற்றை எழுப்புதல், செடி கொடிகளை அறுத்தல் ஆகியவை இதனுள் அடங்கும். பீடி பற்றவைப்பதை இவ்விதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சோறு சமைக்க அன்று, குளிர் காய அன்று, விளக்கேற்ற அன்று. எப்பயனும் இன்றி ஒரு நெருப்பு. அதற்காக அறுக்கப்பட்டவை ஒன்றன்று, இரண்டு இலைகள். நஞ்சூட்டப்படுவது காற்று. ஓரறிவுயிர் ஐவகையுள் தீ, காற்று, தாவரம் ஆகிய மூவகையும் ஒரே செயலில் வருந்துகின்றன. மற்றொரு பிரிவாகிய ஹிம்சாதானம், ஊறு செய்யும் கருவியைப் பிறர்க்குக் கொடுத்தலாகும். நண்பனுக்குச் சிகரெட்டு நீட்டுவதும், "கடைக்குப் போய் ஒரு கட்டு வாங்கி வா" என்று சிறுவனை ஏவுவதும் எந்த வகையைச் சேர்ந்தவை என்பதை வாசகரே முடிவு செய்யலாம்.

இரண்டாவது, போகோபபோக பரிமாண விரதம். ஒரு முறை நுகர்ந்து ஒழிவது போகம். மீண்டும் மீண்டும் நுகரப்படுவது உபபோகம். இவ்விரண்டையும் அளவிட்டுக் கொள்ளும் நோன்பு இது. இதனை விளக்குமிடத்தில், பிற குற்றம் இல்லாத பொருளாயினும் உடலுக்கு ஒவ்வாததாயின் அதனை விடுக, நன்மக்கள் நுகரத் தகாததாயினும் விடுக என்று ஆசாரியர் கூறுகிறார். அவ்வாறாயின், புகை உடலுக்கு ஒவ்வாதது என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டால், நூலில் பெயர் இல்லை என்ற வாதம் தானே வீழ்ந்துவிடும். இனி அதனைப் பார்ப்போம்.

உடலுக்குள் நிகழ்வது

புகையிலைப் புகையில் 7000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்க வல்லவை. மூன்றினை மட்டும் அறிந்துகொண்டால் போதும்.

முதலாவது நிக்கோட்டின். உள்ளிழுத்த சில நொடிகளிலேயே அது மூளையை அடைந்து ஓர் இன்ப உணர்வைத் தூண்டுகிறது. இரண்டு மணி நேரத்தில் குருதியில் அதன் அளவு ஏறத்தாழப் பாதியாகிவிடும். அப்போது தோன்றும் எரிச்சலையும் தவிப்பையும் தணிக்க அடுத்த பீடி தேவைப்படுகிறது. "பீடி பிடித்தால் மனம் அமைதியாகிறது" என்று கூறுவோர் ஒன்றை எண்ண வேண்டும். அந்த அமைதியின்மையைத் தந்ததே முந்தைய பீடிதான்.

இரண்டாவது கார்பன் மோனாக்சைடு. பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்பணுக்களில், பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் பற்றுடன் இவ்வாயு ஒட்டிக்கொள்கிறது. பிராணவாயு குறைந்த குருதியைக் கொண்டே இதயம் உழைக்க நேர்கிறது.

மூன்றாவது தார். நம் மூச்சுக் குழல்களில் மிக நுண்ணிய மயிரிழைகள் உள்ளன. அவை தூசியையும் சளியையும் இடைவிடாது மேல்நோக்கித் தள்ளித் தூய்மை செய்கின்றன. புகை அவற்றை முடக்கிவிடுகிறது. புகைப்போர்க்குக் காலையில் வரும் இருமல், துடைப்பம் இழந்த வீட்டில் தேங்கிய குப்பையை வெளியேற்ற உடல் படும் பாடேயாகும்.

இவை ஆண்டுக்கணக்கில் தொடருங்கால் நுரையீரல், வாய், தொண்டை, உணவுக்குழல், சிறுநீர்ப்பை முதலிய உறுப்புகளில் புற்று, மாரடைப்பு, பக்கவாதம், தீராத மூச்சிரைப்பு, கண்புரை ஆகியவை நேர்கின்றன. நம் நாட்டில் இளம் வயதிலேயே பீடி பிடிப்போரிடம் காணப்படும் மற்றொரு கொடுநோய் பர்கர் நோய். கை கால்களின் சிறு குருதிக் குழாய்கள் அடைபட்டு, விரல்கள் கறுத்து அழுகும். புகையை முற்றும் விட்டால் நோய் நிற்கும். விடாவிடில் விரலையும் காலையும் எடுக்க நேரிடும்.

நம் ஊர்களிலேயே நடந்த ஆய்வு

பிரிட்டனில் 34,000க்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ரிச்சர்டு டால் முதலிய அறிஞர்கள், 2004ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். சிகரெட்டை விடாதவர்கள் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாகவே இறந்தனர். 60 வயதில் விட்டவர்கள் 3 ஆண்டுகளையும், 50 வயதில் விட்டவர்கள் 6 ஆண்டுகளையும், 40 வயதில் விட்டவர்கள் 9 ஆண்டுகளையும் மீட்டுக்கொண்டனர். 30 வயதில் விட்டவர்கள் ஏறத்தாழ முழுமையாகவே மீண்டனர். "இத்தனை வயதுக்குமேல் விட்டு என்ன பயன்?" என்று கேட்கும் பெரியோர்க்கு இதுவே விடை.

"அது மேல்நாட்டுச் செய்தி" என்று ஒதுக்க இயலாது. மருத்துவர் வி. கஜலட்சுமி, ரிச்சர்டு பீட்டோ முதலியோர் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டச் சிற்றூர்களிலும் இறந்த 43,000 ஆண்களைக் குறித்து ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். விழுப்புரம் நமக்கு அயலூர் அன்று. மேல்சித்தாமூர் மடம் அமைந்த மாவட்டம் அது. புகைப்போர் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவரினும் ஏறத்தாழ 4 மடங்கு மிகுதி என்பது அவ்வாய்வின் முடிவு. காசநோய் கிருமியால் வருவது என்று மட்டும் அறிந்திருந்தோம். உடலில் உறங்கும் அக்கிருமிக்கு வழிதிறந்து விடுவது புகை என்பதை நம் தமிழகத்து ஊர்களே உலகுக்கு உணர்த்தின. இரண்டு வாரத்துக்குமேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளத் தயங்கலாகாது.

பீடி எளியதா?

"சிகரெட்டுதான் தீது, பீடி இலையில் சுற்றியது, எளியது" என்னும் எண்ணம் ஊர்ப்புறங்களில் வேரூன்றியுள்ளது. 2016-17ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்பின்படி, வயது வந்தோருள் நூற்றுக்கு 7.7 பேர் பீடியும், 4 பேர் சிகரெட்டும் பிடித்தனர். ஆதலின் நம் நாட்டில் புகை என்றால் பெரிதும் பீடியே.

பீடியில் புகையிலை குறைவு. ஆனால் அதன் மேலுறை காற்றுப் புகாத தடித்த இலை. அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துவிடும். அதனால் புகைப்போர் மிகுதியான முறையும் ஆழமாகவும் இழுக்கின்றனர். பீடியின் புகையில் நிக்கோட்டினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் குறைவன்று. சிகரெட்டினும் மிகுதியாகவே காணப்பட்டுள்ளன. 2008ஆம் ஆண்டில் வெளியான இந்தியப் பேராய்வு ஒன்று, பீடி பிடிக்கும் ஆண்கள் ஏறத்தாழ 6 ஆண்டுகளையும், பெண்கள் ஏறத்தாழ 8 ஆண்டுகளையும், சிகரெட்டுப் பிடிக்கும் ஆண்கள் ஏறத்தாழ 10 ஆண்டுகளையும் வாழ்நாளில் இழப்பதாகக் கணித்தது. ஆறு ஆண்டு இழப்பை எளியது என்று எவர் கூறுவர்?

"நாளொன்றுக்கு ஒன்றே" என்பதும் காப்பன்று. ஒரே ஒரு சிகரெட்டு, இருபது சிகரெட்டால் வரும் இதயநோய் இடரில் ஏறத்தாழப் பாதியைத் தந்துவிடுகிறது என்று 2018ஆம் ஆண்டில் பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தோர் கூறினர். புகையிலையை மென்றாலும் மூக்குப்பொடியாக இழுத்தாலும் அடிமைத்தனம் மாறாது. மெல்லும் புகையிலை வாய்ப்புற்றுக்கு நேர்வழி. மின் சிகரெட்டை இந்திய அரசு 2019ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது.

தாமிரபரணிக் கரையில்

தமிழகத்தில் பீடி சுற்றும் தொழில் மிகுந்த பகுதிகளுள் தாமிரபரணிச் சமவெளி முதன்மையானது. மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம், கடையம் ஆகிய ஊர்களையும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களையும் அறிந்தவர்க்கு இது தெரியும். 2019இல் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்த பின்னும் இருபுறத்திலும் இத்தொழில் தொடர்கிறது. பெரும்பாலும் பெண்களே தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இதைச் செய்கின்றனர்.

நெல்லைச் சீமையில் ஆசிரியப் பயிற்சி பெறும் மாணவியர்க்குக் கற்பித்த ஆண்டுகளில், அவர்களுள் பலர் மாலையில் வீடு சென்றதும் சுளகை மடியில் வைத்துத் தாயோடு பீடி சுற்ற அமர்வதை நான் கண்டிருக்கிறேன். மத்தியப் பிரதேசம், ஒடிசா முதலிய இடங்களிலிருந்து வரும் தெந்து இலையை நீரில் நனைத்து, தகட்டு அளவை வைத்துக் கத்தரித்து, புகையிலைத் தூளை இட்டுச் சுருட்டி, முனையை மடக்கி, நூலால் கட்ட வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கூலி. நாள் முழுதும் குனிந்த முதுகு, தூள் படிந்த விரல்கள், அதே அறையில் உறங்கும் குழந்தை. ஒரு முறையும் புகைக்காத இப்பெண்களின் உடலில் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் நிக்கோட்டின் சேர்வதை ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர்.

இந்நிலம் நமக்குப் புதியதன்று. சீவலப்பேரிக்கு அருகே மருகால்தலையில் முனிவர் தங்கிய குகைத்தளமும் தமிழ்-பிராமிக் கல்வெட்டும் உள்ளன. சற்று வடக்கே கழுகுமலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அங்குள்ள கல்வெட்டுகளில் குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களும் காணப்படுகின்றன. விடுதலே வலிமை என்று கற்பித்த நிலம் அது. அங்குச் சுற்றப்படும் பீடியை நாம் விடுவதில் ஒரு பொருத்தம் உண்டு.

"பீடியை எல்லாரும் விட்டுவிட்டால் அப்பெண்களின் பிழைப்பு என்னாவது?" என்பார் உளர். இவ்வினாவும் நேர்மையானதே. அப்பெண்களிடம் நமக்குக் குறை ஏதும் இல்லை. வறுமை தந்த தொழிலை அவர்கள் செய்கின்றனர். ஆனால் ஒருவர் நுரையீரலை எரித்து மற்றொருவர்க்குக் கூலி தருவது உதவியாகாது. அக்கூலியும் நோயோடு சேர்ந்தே வருகிறது. தம் மகள் இத்தொழிலுக்கு வரலாகாது என்பதே நான் அறிந்த தாய்மார் பலரின் வேண்டுதல். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கல்வி உதவித்தொகை உண்டு. அதைப் பெற விண்ணப்பம் எழுதித் தருதல், ஒரு பெண்ணின் படிப்புக்குக் கைகொடுத்தல் ஆகியவையே உண்மையான தானம். புகைக்குச் செலவாகும் பணத்தை அதற்குத் திருப்பலாம்.

நியமமும் யமமும்

இனி, விடும் வழி. "விட வேண்டும் என்று தெரியும், முடியவில்லை" என்போரே மிகப் பலர். வாழ்நாள் முழுதும் தொடமாட்டேன் என்று உறுதி கூற அஞ்சி, உறுதியே எடுக்காமல் இருந்துவிடுகின்றனர். இங்கும் நம் சாவக நெறி வழிகாட்டுகிறது.

நுகர்வைக் குறைக்கும் நோன்பு இருவகைப்படும் என்கிறார் சமந்தபத்திரர். கால எல்லை வகுத்து ஏற்பது நியமம். வாழ்நாள் முழுதும் ஏற்பது யமம். நியமத்துக்குரிய எல்லைகளாக ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பட்சம், ஒரு மாதம், ஒரு ருது, ஓர் அயனம் ஆகியவை கூறப்படுகின்றன. இப்படிகளை இன்றைய மருத்துவம் கூறும் உடல் மாற்றங்களோடு பொருத்திப் பாருங்கள்.

ஒரு பகலும் ஓர் இரவும்: 20 நிமிடத்தில் இதயத் துடிப்பு தணிகிறது. ஒரு நாளுக்குள் குருதியிலுள்ள கார்பன் மோனாக்சைடு இயல்பான அளவுக்கு இறங்குகிறது.

ஒரு பட்சம்: தவிப்பு மிகுந்திருப்பது முதல் இரண்டு மூன்று நாள்களிலேயே. எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி, மிகுபசி ஆகியவை தோன்றலாம். பதினைந்து நாள்களில் அவற்றின் கடுமை தணிந்துவிடும்.

ஒரு மாதம்: தவிப்பு பெரும்பாலும் அடங்கும். சிலர்க்கு இக்காலத்தில் இருமல் கூடும். முடங்கிய மயிரிழைகள் மீண்டும் வேலை தொடங்கியதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

ஒரு ருது, அதாவது இரண்டு மாதம்: குருதியோட்டம் சீராகி, மூச்சின் ஆற்றல் கூடுகிறது. மாடிப்படி ஏறும்போதே வேறுபாடு தெரியும்.

ஓர் அயனம், அதாவது ஆறு மாதம்: இருமலும் மூச்சிரைப்பும் குறைகின்றன. இதன்பின் யமமாக ஏற்பது பெரும்பாலோர்க்குக் கடினமன்று.

ஓராண்டில், புகையால் மிகுந்த மாரடைப்பு இடர் பாதியாகிறது. பத்தாண்டில் நுரையீரல் புற்றால் இறக்கும் இடர், விடாதவரோடு ஒப்பிட ஏறத்தாழப் பாதியாகிறது.

இங்கு ஒன்று நினைவிருக்க வேண்டும். நியமம் என்பது காலத்துக்கு எல்லையேயன்றி எண்ணிக்கைக்கு எல்லையன்று. "பத்து பிடித்தேன், ஐந்தாகக் குறைக்கிறேன்" என்பதைவிட, "இன்று முழுதும் ஒன்றுமில்லை" என்பதே சிறந்தது. 2016ஆம் ஆண்டில் வெளியான இங்கிலாந்து ஆய்விலும், குறித்த நாளில் முற்றும் நிறுத்தியோரே, சிறிது சிறிதாகக் குறைத்தோரைவிட மிகுதியாக வெற்றி பெற்றனர்.

செயல்முறை

1. ஒரு நாளைக் குறித்துக்கொள்க. இரண்டு வாரத்துக்குமேல் தள்ளிப் போட வேண்டா. முழு உபவாச நாளைத் தேர்ந்தெடுக்காமல், மறுநாளைக் கொள்க. பசியும் தவிப்பும் ஒருங்கே வருதல் நன்றன்று.

2. முதல்நாள் இரவே வீட்டிலுள்ள பீடி, சிகரெட்டு, தீப்பெட்டி, சாம்பல் கிண்ணம் அனைத்தையும் அகற்றுக. சட்டைப் பையையும் வண்டிப் பெட்டியையும் மறவற்க.

3. ஆலயத்திலோ, வீட்டுப் பூசை அறையிலோ, பெரியோர் ஒருவர் முன்னிலையிலோ நியமத்தை வாய்விட்டுக் கூறி ஏற்க. மறைவாக எடுக்கும் உறுதி மறைவாகவே தளரும்.

4. எவ்வேளையில் கை பீடியைத் தேடுகிறது என்பதை எழுதி வைக்க. காப்பிக்குப் பின்னா, உணவுக்குப் பின்னா, பேருந்து நிலையத்திலா, குறிப்பிட்ட நண்பருடனா? அவ்வேளைகளில் முதல் ஒரு பட்சத்துக்கு இடத்தையும் வழக்கத்தையும் மாற்றுக.

5. வேட்கை எழுந்தால் அது சில நிமிடமே நிற்கும் என்பதை நினைக. பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஆழ்ந்த மூச்சுடன் செபிக்கத் தொடங்குக. நூற்றெட்டு முறை முடியுமுன் அலை பெரும்பாலும் கடந்துவிடும். பகலில் நீர் மிகுதியாகப் பருகுக. ஏலம், கிராம்பு, சோம்பு ஆகியவற்றுள் ஒன்றை வாயில் இடுக. சிறிது நடந்து வருக.

6. காப்பியைப் பாதியாகக் குறைக்க. புகை, காப்பியின் சத்தை உடல் விரைந்து கழிக்கச் செய்கிறது. புகையை விட்டதும் அதே காப்பி இருமடங்கு வேலை செய்து படபடப்பையும் தூக்கமின்மையையும் தரும். பலர் இதனைப் புகையை விட்டதன் துன்பம் என்று பிறழ உணர்ந்து மீண்டும் பற்றவைக்கின்றனர். நாள்தோறும் மருந்து உண்போர் புகையை விட்டதை மருத்துவரிடம் சொல்லிவிடுக. சில மருந்துகளின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும்.

7. மருத்துவ உதவி பெறுவதை இழிவாக எண்ண வேண்டா. நிக்கோட்டின் அடங்கிய மெல்லும் பசை மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. புகையின் நஞ்சுகள் இன்றித் தவிப்பை மட்டும் தணித்துச் சில வாரங்களில் படிப்படியாக விடத்தக்க மருந்து அது. மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகளும் உள்ளன. இதயநோய் உடையோரும் கருவுற்ற பெண்டிரும் மருத்துவரைக் கேட்டே எதனையும் கொள்க. புகையிலையை விட விரும்புவோர்க்கென அரசு நடத்தும் கட்டணமில்லா தொலைபேசி எண் 1800-11-2356, பாக்கெட்டுகளின்மீதே அச்சிடப்பட்டிருக்கும்.

8. ஒவ்வொரு எல்லை முடியும் நாளன்றும், அடுத்த எல்லையை முன்னரே ஏற்றுவிடுக. இடையே ஒரு நாளும் நோன்பின்றி இருத்தல் ஆகாது.

வழுவினால்

விட முயன்றோருள் பலர் ஒரு முறையாவது வழுவுகின்றனர். அன்றே அனைத்தும் அழிந்தது என்று கருதி, முழுக் கட்டையும் வாங்குவோர் உண்டு. இது தவறு. நம் நெறியில் ஒவ்வொரு விரதத்துக்கும் அதிசாரங்கள் எண்ணிக் கூறப்பட்டுள்ளன. வழுவுதல் நேரும் என்பதை ஆசாரியர் அறிந்தே இருந்தனர். அதனாலன்றோ பிரதிக்கிரமணம் வகுக்கப்பட்டது! வழுவியதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, எவ்வேளையில், எக்காரணத்தால் நேர்ந்தது என்று ஆராய்ந்து, அந்நாளிலேயே நியமத்தை மீண்டும் ஏற்க. இன்றைய மருத்துவர் கூறுவதும் இதுவே. பல முறை முயன்றே பலர் முற்றும் விடுகின்றனர். முன் முயற்சி வீணன்று; அது பயிற்சி.

வீட்டார் கடமை

ஒருவர் விடுங்கால் வீட்டில் அனைவரும் நோன்பிருப்பதாகக் கொள்ள வேண்டும். முதல் இரண்டு வாரம் அவர் சினந்தால் அது நிக்கோட்டின் பேசும் பேச்சு என்று பொறுத்துக்கொள்க. "இவர் எங்கே விடப்போகிறார்" என்று பிள்ளைகள் முன் எள்ளல் வேண்டா. பையைச் சோதிப்பதும் வேண்டா. ஒவ்வொரு எல்லையைக் கடக்கும்போதும் ஒரு நற்சொல் கூறுக. உடல் எடை சில கிலோ கூடலாம். அதனைக் குறையாகச் சொல்லிக் காட்ட வேண்டா. நடைப்பயிற்சியால் அது சீராகும்.

வீட்டுக்குள் எவரும் புகைக்கலாகாது என்பதை விருந்தினர்க்கும் பணிவுடன் சொல்லிவிடுக. 2008ஆம் ஆண்டு அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைத்தல் நாடு முழுதும் தடை செய்யப்பட்டுள்ளது. பேருந்து நிலையத்தில் இல்லாத புகை நம் குழந்தையின் தொட்டிலருகே இருக்கலாமா? பிறர் விட்ட புகையை உள்ளிழுக்கும் குழந்தைகளுக்கு மூச்சிரைப்பு, நுரையீரல் அழற்சி, காதுநோய் ஆகியவை மிகுதியாக வருகின்றன. உலகெங்கும் புகையிலையால் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர். அவர்களுள் தாம் புகைக்காமல் பிறர் புகையால் மாண்டவரும் பல இலட்சம் பேர். கொல்லாமையை முதல் அறமாகக் கொண்ட நாம் இந்த எண்ணிக்கையைக் கேட்டும் வாளாவிருத்தல் தகாது.

ஆகவே இளைஞரின் வினாவுக்கு விடை இது. புகையிலை என்னும் சொல் நம் நூலில் இல்லை. அதனை விடுவதற்கான காரணமும் விடுவதற்கான முறையும் நம் நூலில் உள்ளன. இவ்விதழைப் படித்து முடிக்கும் சாவகர் எவரேனும் புகைப்பவராயின், வாழ்நாள் உறுதி வேண்டா. நாளைய ஒரு பகலை மட்டும் நியமமாக ஏற்க. அந்தி வந்ததும் அவ்விரவையும் ஏற்க.

பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சில வினாக்கள்

1. புகையிலை என்னும் சொல் அருங்கலச்செப்பில் இல்லாதது ஏன்?

2. பீடி பற்றவைத்தல் பிரமாதசரியையுள் எவ்வாறு அடங்கும்? வருந்தும் ஓரறிவுயிர்கள் யாவை?

3. நியமம், யமம்: வேறுபாடு யாது?

4. உங்கள் ஊரில் ஒருவர் நாள்தோறும் ஒரு கட்டுப் பீடி வாங்குகிறார் எனக் கொள்க. ஓராண்டில் அவர் செலவிடும் தொகையைக் கணக்கிடுக. அத்தொகையால் ஒரு மாணவிக்கு எத்தனை பாடப் புத்தகங்கள் வாங்கலாம்?

5. உங்கள் வீட்டில் ஒருவர் புகையை விட முயன்றால், முதல் இரண்டு வாரம் நீங்கள் செய்ய வேண்டியவை எவை?

விடைகளைப் பெற்றோருடன் அமர்ந்து எழுதுக.

அறம் வளர்க!